அப்பத்தாவின் பாக்குவெட்டி

சென்ற மார்கழி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். எங்கள் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் படித்துவிட்டுப் பின்பு வேறு துறைக்கு மாறி, இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் குடும்பத்தோடு வசிக்கிறவர். கையில் ஓர் அட்டைப் பெட்டி. "ஐயா, நீங்க மரவேலை செய்வீங்கன்னு தெரியும். பையன் கீழே போட்டு உடைச்சுட்டான். அழுதுகிட்டே இருக்கான். கொஞ்சம் பாருங்க" என்று சொல்லி அதை என் மேசை மீது வைத்தார்.

உள்ளே ஒரு மரச் சிப்பாய். ஓர் அடி உயரம். சிவப்பு மேலங்கி, உயரமான கறுப்புத் தொப்பி, வெள்ளைத் தாடி, உருட்டி விழிக்கும் கண்கள். கீழ்த்தாடை மட்டும் தொங்கிக் கொண்டிருந்தது. கொட்டைகளை உடைக்கும் பொம்மை அது. முதுகுப் பக்கம் இருக்கும் கைப்பிடியைத் தூக்கினால் வாய் திறக்கும். வாய்க்குள் ஒரு கொட்டையை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் ஓடு நொறுங்கும்.

டிரெஸ்டனுக்குத் தெற்கே செக் நாட்டு எல்லையை ஒட்டி எர்ட்ஸ்கெபிர்கெ என்ற மலைப்பகுதி உள்ளது. தாதுச் சுரங்கங்கள் நலிந்தபோது அங்கிருந்த மக்கள் மரக்கடைசல் தொழிலுக்கு மாறினார்கள். அம்மலையில் சைஃபன் என்னும் சிற்றூரில் 1870 வாக்கில் வில்ஹெல்ம் ஃபியூக்ட்னர் என்பவர் கடைசல் பிடித்துச் செய்த உருவமே இன்று உலகமெங்கும் விற்கும் இச்சிப்பாய்களுக்கு மூலம் என்கிறார்கள். அதற்கும் முன்பே, 1816-இல், ஹாஃப்மன் எழுதிய கதையில் இப்படியொரு பொம்மை வருகிறது. பெரிய கொட்டையை வைத்து அழுத்தி ஒரு சிறுவன் அதன் வாயை உடைத்துவிட, அவன் தங்கை தன் நாடாவை எடுத்து அந்தத் தாடைக்குக் கட்டுப் போடுகிறாள். அக்கதையைத் தழுவித்தான் சைகோவ்ஸ்கியின் பாலே நடனம் 1892-இல் அரங்கேறியது. ஆகவே, தாடை உடைவது இந்தப் பொம்மையின் பரம்பரை நோய் என்று என் மாணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பழுது பெரியதன்று. தாடையும் கைப்பிடியும் சேர்ந்த ஒரே கட்டை, உடலின் நடுவே ஓர் ஆணியில் ஊஞ்சல் போல ஆடும்படி செய்திருக்கிறார்கள். ஆணித் துளையின் குறுக்கே அக்கட்டை முறிந்திருந்தது. ஒட்டினால் நிற்காது, விசை முழுவதும் விழுகிற இடம் அது. பூவரசக் கட்டையொன்றில் புதிதாகச் செதுக்கி, பழைய தாடையின் பற்களையும் தாடியையும் அதன்மேல் பொருத்தினேன். இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. மூன்றாம் நாள் கைப்பிடியைத் தூக்கியபோது சிப்பாய் வாயை அகலத் திறந்தான். அழுத்தினேன், மூடினான். மறுபடி தூக்கினேன்.

அவ்வளவு அகலமாக ஒரு வாய் திறந்ததைப் பார்த்தபோது, எனக்கு அப்பத்தாவின் வாய் நினைவுக்கு வந்தது. கடைசி ஆண்டில் அது ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை.

*

என் பட்டறை என்று சொல்வது வீட்டின் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதிலிருக்கும் உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி, அரங்கள் எல்லாம் அப்பாவுடையவை. சில அவருடைய அப்பாவுடையவை. நாங்கள் தச்சுக் குடும்பம். ஐயா செட்டிநாட்டு வீடுகளில் வாசற்கதவும் நிலையும் செய்தவர். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு அவர் கையில் கொடியாகவும் அன்னமாகவும் மாறியது. அப்பா தொழிலுக்கு வந்த காலத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோதே செட்டிநாட்டின் பெருஞ்செல்வம் ஆட்டம் கண்டது. 1962-இல் அங்கே இராணுவ ஆட்சி வந்து தொழில்களை நாட்டுடைமை ஆக்கியதோடு மீதமும் போயிற்று. பங்காளிகள் பலராகிப் பராமரிக்க இயலாத வீடுகளைப் பிரித்து விற்றார்கள். ஐயா பொருத்திய கதவுகளை அப்பா கழற்றினார். ஒவ்வொரு துண்டிலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதி வண்டியில் ஏற்றுவார். கூலி நல்ல கூலிதான். ஆனால் வீட்டிற்கு வந்தால் இரவு வெகுநேரம் பேசமாட்டார்.

அதனால்தானோ என்னவோ என்னைப் படிக்க அனுப்பினார். தமிழில் முதுகலை முடித்து விரிவுரையாளராகி இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. உளி பிடிக்க அவர் கற்றுக் கொடுத்தது கோடை விடுமுறைகளில், பொழுதுபோக்காக. இன்று எனக்கு அது பொழுதுபோக்கு மட்டும்தானா என்று சொல்லத் தெரியவில்லை. முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் உடைந்த அஞ்சறைப்பெட்டி, கை ஒடிந்த மரப்பாச்சி, சாயம் போன மரவை ஏதாவது கிடைத்தால் வாங்கி வந்து சரிசெய்வேன். அக்கடைகளில் பாக்குவெட்டிகளும் குவிந்து கிடக்கும். கிளி வடிவம், மயில் வடிவம், குதிரை வடிவம். அவற்றை மட்டும் நான் இதுவரை எடுத்ததில்லை.

சிப்பாயைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை பரணில் ஏறி, துணியில் சுற்றியிருந்த அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியைக் கீழே இறக்கினேன். 1991-இல் சுற்றி வைத்தது.

*

பெட்டி ஐயா செய்தது. ஏதோ ஒரு வீட்டுக் கதவு வேலையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகள். உள்ளே வெற்றிலைக்கு ஒரு பெரிய அறை, பாக்குக்கு ஒரு சிறிய அறை, சுண்ணாம்புக் கரண்டகத்துக்கு வட்டமாக ஒரு குழி. மூடியில் எதிரெதிராக இரண்டு கிளிகள், நடுவே ஒரு கொடி. வலப்பக்கக் கிளியைக் கறையான் தின்றிருந்தது. அலகும் கழுத்தும் இருந்த இடத்தில் தொட்டால் உதிரும் தூள்.

பாக்குவெட்டி பித்தளைக் கைகள் கொண்டது. மேற்கையின் உட்புறம் எஃகு அலகு. முனையில் இரு கைகளையும் சேர்க்கும் ஆணி. எங்கள் இயற்பியல் துறை நண்பரிடம் காட்டியபோது அவர் சொன்னார்: சிப்பாயின் வாய் முதல் வகை நெம்புகோல், ஆணி நடுவே இருக்கிறது, பாக்குவெட்டி இரண்டாம் வகை, ஆணி ஒரு முனையில், கை மறுமுனையில், பாக்கு இடையில். பாக்கு ஆணிக்கு அருகே செல்லச் செல்லக் கைக்கு உழைப்புக் குறையும். இது அப்பத்தாவுக்குத் தெரியும். கொட்டைப் பாக்கை எப்போதும் ஆணியின் ஓரமாகத் தள்ளித்தான் அழுத்துவார்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அக்ரோட்டின் ஓடு கடினம், பருப்பு மென்மை. ஆகவே நொறுக்கினால் போதும். உரித்த கொட்டைப் பாக்குக்கு ஓடு இல்லை, முழுவதுமே கடினம், சீவத்தான் வேண்டும். அதனால் அங்கே மரத்தாடை போதுமானதாக இருக்க, இங்கே எஃகு தேவைப்பட்டது. அவர்கள் கருவிக்கு மனித வாயைக் கொடுத்தார்கள். நாம் கருவிக்குக் கிளி மூக்கைக் கொடுத்து, மெல்லும் வேலையை மனித வாய்க்கே விட்டுவிட்டோம்.

அப்பத்தா புகையிலை போடமாட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை. "கொழுந்து வெத்தலை, துளி சுண்ணாம்பு, ரெண்டு சீவல். இதிலே என்ன வந்துடும்?" என்பார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். பாக்கு வைத்து அழைத்தால்தான் அழைப்பு, தாம்பூலம் மாற்றினால்தான் நிச்சயம் என்று வாழும் சமூகத்தில் பாக்கை யார் சந்தேகிப்பார்கள்? ஆண்டுதோறும் நான் கொலைக்களக் காதை நடத்துகிறேன். மதுரையின் புறத்தே ஆயர் சேரியில் கண்ணகி சமைத்துப் பரிமாறிய உணவை உண்டபின், கோவலனுக்கு அவள் கொடுப்பது வெற்றிலையும் அடைக்காயும். அதன்பின் அவன் சிலம்போடு போகிறான், திரும்பவில்லை. அவள் கையால் அவன் உண்டு முடித்த கடைசிப் பொருள் பாக்கு. அன்பின் அடையாளமாகத்தான் இளங்கோ அதை வைத்திருக்கிறார். அன்பின் அடையாளமாகத்தான் எங்கள் வீட்டிலும் இருந்தது.

முதலில் காரம் பொறுக்கவில்லை. பிறகு வாய் திறப்பது குறைந்தது. உள்கன்னம் வெளுத்து, தொட்டால் அட்டை போல இருந்ததாக அம்மா சொல்வார். உள்வாயின் தோலுக்கு அடியில் நார் இறுகிப் போகும் இந்நோய் மருத்துவ உலகில் முதலில் பதிவானது 1952-இல். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களைப் பற்றிய குறிப்பு அது. சிலருக்கு இதுவே பின்னர் புற்றாகிறது. அப்பத்தாவுக்கு ஆயிற்று. மதுரையில் மருத்துவர் பார்த்துவிட்டு, "பாக்கை அடியோடு நிறுத்துங்கள்" என்றார்.

நிறுத்த முடியவில்லை. பேச்சு குழறிய நாட்களிலும் அப்பத்தா பெட்டியைச் சுட்டிக் காட்டுவார். அவர் கை நடுங்கும். பாக்குவெட்டியை அழுத்த வலுவில்லை. அப்பாதான் வெட்டிக் கொடுத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. திண்ணையில் உட்கார்ந்து பாக்கைச் சீவலாக்கி, சீவலைத் துணுக்காக்கி, துணுக்கைத் தூளாக்கி, அப்பத்தாவின் உதட்டிடுக்கில் அப்பா வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கதவில் பூவேலை செய்கிறவரின் கவனம் அந்தக் கையில் இருந்தது. அவ்வளவு நுண்மையாகப் பாக்கு வெட்டி நான் வேறெங்கும் கண்டதில்லை. அம்மா ஒருமுறை தடுத்தபோது அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஆத்தா கேக்குது."

*

பெட்டியைப் பிரித்து வைத்த மறுநாள் அப்பா கொட்டகைக்கு வந்தார். எழுபத்தெட்டு வயது, கண் மங்கிவிட்டதால் உளியைத் தொடுவதில்லை. மேசையில் இருந்ததைக் கையால் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"இதை ஏன்டா எடுத்தே?"

"பெட்டியைக் கறையான் அரிச்சிருக்குப்பா. சரிபண்ணலாம்னு."

"பெட்டியைப் பண்ணு. அதை வேண்டாம்" என்று பாக்குவெட்டியை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

நான் பெட்டியில் தொடங்கினேன். உளுத்த பகுதியை நல்ல மரம் தென்படும் வரை வெட்டி எடுத்தேன். பிரித்த வீடு ஒன்றின் சாளரக் கதவுத் துண்டு என்னிடம் இருந்தது. பழைய தேக்கு, நிறம் ஒத்துப் போயிற்று. நாரோட்டம் ஒரே திசையில் அமையும்படி பார்த்துப் பதித்து, வச்சிரம் காய்ச்சி ஒட்டினேன். இன்றைய பசைகள் இதைவிட வலுவானவை. ஆனால் வச்சிரத்தை நாளை இன்னொருவர் வெந்நீர் காட்டிப் பிரித்து, என் பிழையைத் திருத்த முடியும். மீட்பு வேலையில் இந்தப் பணிவு வேண்டும் என்று நினைக்கிறேன்.

இடப்பக்கக் கிளியின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் ஒற்றி எடுத்து, தாளைத் திருப்பிப் புதிய துண்டில் வரைந்தேன். தேக்கில் மணற்சத்து உண்டு. உளியின் கூரை அது விரைவில் மழுக்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லில் தீட்டித் தீட்டிச் செதுக்கினேன். ஐயாவின் கிளி ஒரே மூச்சில் வளைந்த கழுத்தோடு இருக்கிறது. என் கிளியின் கழுத்தில் நான்கு இடங்களில் உளி நின்று யோசித்தது தெரியும். உப்புத்தாள் போட்டு அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. இரண்டு கிளிகளையும் பார்க்கிறவர்களுக்கு எது தச்சருடையது, எது தச்சர் பேரன் என்று சொல்லிக்கொள்ளும் வாத்தியாருடையது என்று தெரிய வேண்டும்.

பெட்டி முடிந்ததும் பாக்குவெட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

*

பித்தளைக் கைகள் களிம்பேறிப் போயிருந்தன. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். ஆணியில் செந்துரு. எஃகு அலகு மட்டும் வேறு விதமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரணில் கிடந்தும் அதில் துரு மிகக் குறைவு. வெட்டுமுனையிலிருந்து மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு அழுத்தமான கறுப்பு. மண்ணெண்ணெயில் ஊறவைத்தும் போகவில்லை.

யோசித்தபோது விளங்கியது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். கடுக்காயிலும் அதுவே இருக்கிறது. டானின் இரும்போடு சேர்ந்தால் கருநிறம் தோன்றும். கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இந்த வழியில்தான். அப்பத்தா ஆயிரக்கணக்கான முறை பாக்கு வெட்டியதில் அலகின் மேல் படிந்தது ஒருவகை மை. அது வெறும் கறையுமன்று. அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருட்களின் துருவை நிலைப்படுத்த டானிக் அமிலம் பூசுகிறார்கள். அது உண்டாக்கும் கரும்படலம் இரும்பை மேலும் அரிக்க விடாமல் காக்கிறது. அதாவது, அந்த அலகைக் காப்பாற்றி வைத்திருந்தது பாக்கின் துவர்ப்பு.

இதைப் படித்துக் கொண்டிருந்தபோதே மற்றொன்றையும் படிக்க நேர்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைப் பதப்படுத்துவதும் இதே டானினால்தான். அது தோலின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழியாமல் இறுக்குகிறது. பாக்கு மெல்லுகிறவர்களின் வாயில் நார் இறுகிப் போவதற்கு, அரிக்கோலின் என்னும் காரத்தோடு இந்தத் துவர்ப்பும் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இரும்பைக் காத்த துவர்ப்பும் அப்பத்தாவின் வாயைப் பூட்டிய துவர்ப்பும் ஒன்றே. வெகுநேரம் அந்த அலகைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இலேயே அறிவித்துவிட்டது. புகையிலை இல்லாத தாம்பூலமும், வெறும் பாக்குமேகூட, அதே பட்டியலில் சேர்ந்தது 2004-இல் வெளியான தொகுதியில். அப்பத்தா இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. இடையில் இருந்த காலத்தில்தான் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பாக்கைத் தூளாக்கிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு உணவுக்குப்பின் இதை அப்பாவிடம் சொன்னேன். அறிவுரை போலாகிவிடக் கூடாது என்று செய்தித்தாளில் படித்ததைச் சொல்வது போலச் சொன்னேன். நீங்கள் கொடுக்கத் தொடங்கியபோது நோய் முற்றிப்போயிருந்தது, நீங்கள் வெட்டிக் கொடுத்த சிட்டிகைத் தூள் எதையும் மாற்றியிருக்காது என்றும் சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "புகையிலை இல்லாட்டியுமா?" என்று மட்டும் கேட்டார். "இல்லாட்டியும்தான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

*

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஐலன்பர்க் என்றொரு பெரும் கணித மேதை இருந்தார், 1998-இல் மறைந்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் செய்யப்பட்ட பாக்குவெட்டிகளை அவர் ஏராளமாகச் சேர்த்திருந்தார். அவரது சேகரிப்பைப் பற்றித் தனி நூலே வந்திருக்கிறது. அவருடைய கண்ணுக்கு அவை வடிவங்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் வந்து வாங்கிப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். அதில் பிழையில்லை, உண்மையிலேயே அழகான வடிவங்கள். ஆனால் ஒரு பொருளைப் பளபளப்பாக்கும்போது எதைத் துடைத்தெடுக்கிறோம் என்பதை, அதைப் பயன்படுத்திய கையை அறிந்தவர்களால் மறக்க முடிவதில்லை.

நான் பித்தளையை ஈரத்துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஆணியின் செந்துருவை மெல்ல அரத்தால் நீக்கினேன். அது தின்னும் துரு, விட்டால் இணைப்பே போய்விடும். அலகின் கறுப்பைத் தொடவில்லை. கூர் தீட்டுவதா வேண்டாமா என்பதில்தான் ஒரு வாரம் தயங்கினேன். தீட்டினால் அது மீண்டும் பாக்கு வெட்டும் கருவி. தீட்டாவிட்டால் அலமாரிப் பொம்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்குள் சென்றபோது அப்பா என் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பாக்குவெட்டி. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்; பிறகு கண்ணை நம்பாமல் கட்டைவிரலால் அலகின் ஓரத்தைத் தடவினார். கறுப்பின் மேல் விரல் சற்று நின்றது.

"இதைத் தீட்ட வேண்டாம்" என்றார்.

"சரிப்பா."

இரண்டு முறை திறந்து மூடினார். முப்பதாண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கைக்கு அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்திருந்தது.

"ஆணி இறுக்கமா இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் விடு" என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

விட்டேன். இப்போது அது தன் பெட்டிக்குள் இரண்டு கிளிகளுக்கும் கீழே கிடக்கிறது. நன்றாகத் திறக்கிறது.